நாப்பத்திமூணாம் நம்பர் வில்லை

காலை நீட்டி வச்சுக்கோங்க தம்பி. சுளுக்குன காலைத் தொங்கப் போட்டா இன்னும் வீங்கும். அந்தச் சாக்கை மடிச்சு அடியில குடுங்க. ம், அப்பிடி. அவங்க ஆறு பேரும் போய்ட்டு வர ஒரு மணி நேரமாவது ஆகும். நீங்க ஒண்ணும் பெருசா விட்டுடலீங்க. மேல என்ன இருக்குது? கூரையில்லாத வீடு ஒரு நாப்பது, ஒரு ஆஸ்பத்திரி, ஒரு கேண்டீன், கம்பி வச்சு அடைச்ச சுரங்க வாய். அவ்வளவுதான் மின்னாம்பாறை. போட்டோவுலதான் நல்லா இருக்கும்.

காலையில நீங்க சிரிச்சத நான் பாத்தேன். பரவால்லீங்க, எல்லாரும் சிரிக்கறதுதான். ஆளுக்கொரு பித்தளை வில்லையக் கையில குடுத்து, யாரு வாங்கினீங்களோ அவங்களேதான் திருப்பித் தரணும், இன்னொருத்தர்கிட்டக் குடுத்தனுப்பக் கூடாதுன்னு நான் சொன்னா, எல்கேஜி பிள்ளைங்க மாதிரி நடத்தறானே இந்த ஆளுன்னு தோணத்தான் செய்யும். இந்தா பாருங்க, ஸ்டியரிங்குக்குப் பக்கத்துல ஒரு பலகை, எட்டு ஆணி. ரெண்டு வில்லை தொங்குது. ஒண்ணு உங்களது, நீங்க மேல போகல. இன்னொண்ணு நாப்பத்திநாலு, அது என்றது. நானும் போகல. மிச்சம் ஆறும் அவங்க கையில. ஆணியில வில்லை இருந்தா ஆள் பத்திரம். ஆணி காலியா இருந்தா ஆள் இன்னும் மேல இருக்காங்க. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் புரியும்.

அடிவாரத்துல மத்த டிரைவருங்க என்னைய 'டோக்கன் மாமா'ன்னு கூப்புடுவாங்க. சொல்லிட்டுப் போகட்டும். அவங்கெல்லாம் கேண்டீன் வாசல் வரைக்கும் வண்டியக் கொண்டு போறாங்க, நீ ஏன்யா இந்த மூணாவது பாலத்துலயே நிறுத்திட்டு ஆளுங்கள நடக்க விடறேன்னு கேப்பாங்க. கிளட்ச் பிளேட்டு தேஞ்சு போச்சுன்னு சொல்லுவேன். அதுலயும் ஒருத்தன், போன தை மாசந்தானே புதுசு போட்டே, நாந்தானே கூட இருந்தேங்கறான். சரி, போட்டேன். புது பிளேட்டையும் காப்பாத்தணும்ல? இதுக்கு மேல ஏத்தம் எப்பிடின்னு நீங்க பாக்கல. ஃபோர் வீல் போட்டு, லோ கியர்ல, உருட்டுக் கல்லு மேல ஏத்தணும். அதும் போக, இந்த மலையில டவர் கெடைக்கறது இந்தப் பாலத்துல மட்டுந்தான். ஒரு அவசரம்னா போன் பேசலாம். அதுக்குந்தான் நிறுத்தறது.

பயமா? எனக்கென்ன பயம். நான் இருபது வயசுல இருந்து இந்த மலையில கெடக்கறவன்.

இங்க என்ன எடுத்தாங்கன்னு அந்த மஞ்சச் சட்டைப் பிள்ளை கேட்டுச்சே, மைக்காங்க. காக்காப்பொன்னுன்னு சொல்லுவோம். தட்டுத் தட்டா வரும், கண்ணாடி மாதிரி உரிக்கலாம். அயர்ன் பாக்ஸுக்குள்ள வைப்பாங்க. ஆம்பளைங்க உள்ள எறங்கி வெட்டுவாங்க, பொம்பளைங்க ஷெட்டுல உக்காந்து கத்தியில தகடு தகடா உரிப்பாங்க. சுரங்கம் கெணறு மாதிரி நேரா எறங்காதுங்க. சாய்வா நடந்தே போற மாதிரி இருக்கும். நான் உள்ள டப்பா வண்டி தள்ளுனேன்.

காலையில ஏழு மணிக்கு டோக்கன் ஆபீஸ் தாழ்வாரத்துல பெரிய பலகை. நூத்தி இருவது ஆணி. உள்ள போறப்ப அவனவன் நம்பர் வில்லைய எடுத்து இடுப்புல முடிஞ்சுக்கணும். மூணு மணிக்கு வெளிய வந்ததும் திருப்பி மாட்டணும். கடைசி ஆணியும் நெறைஞ்சா டைம்கீப்பர் மணியடிப்பாரு. மணியடிச்சுப் பத்தாவது நிமிசம் வேட்டு வைப்பாங்க. ராத்திரி பொகை எல்லாம் அடங்கி, மறுநாள் ஒடைஞ்சு கெடக்கறத அள்ளணும். இதுதான் நடைமுறை.

புஸ்தகத்துல அப்பிடி. நடப்பு வேற. மூணு மணிக்கு நூத்தி இருவது பேரும் ஒண்ணா வந்தா பலகைகிட்டத் தள்ளுமுள்ளு ஆகுமா இல்லியா? அதனால ஜோடியா வேலை செய்யறவங்க ஒருத்தர் வில்லைய இன்னொருத்தர் மாட்டுவாங்க. முன்னாடி வர்றவன் ரெண்டையும் மாட்டிட்டுப் போவான், பின்னாடி வர்றவன் நேராக் குளிக்கப் போவான். எல்லாரும் செஞ்சதுங்க. மேஸ்திரியே செஞ்சாரு. கையும் களவுமாப் புடிச்சா வேலைய விட்டே அனுப்பிருவாங்க, ஆனா யாரு புடிச்சா? நான் மட்டும் செஞ்ச மாதிரி பேசக் கூடாது.

என்ற ஜோடி அர்த்தநாரி அண்ணன். நாப்பத்திமூணு. என்னைய விட மூணு வயசு மூப்பு. அவருதான் என்னைய இந்த வேலையில சேத்து விட்டாரு. எனக்குக் கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடி வாரத்துல நாலு நாள் அவங்க வீட்லதான் ராச்சோறு. பாவாயி அண்ணி ஷெட்டுல தகடு உரிக்கற வேலை. அவங்க கைய வெளிச்சத்துல பாத்தா மினுக் மினுக்குன்னு இருக்கும், எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. ஒரே பொண்ணு, கோமதி. அப்ப நாலு வயசு. அண்ணன் நெதானமான மனுசன். எனக்குக் கால்ல சக்கரம். அதனால தெனமும் நான் முன்னாடி ஓடி வந்து ரெண்டு வில்லையும் மாட்டிருவேன்.

முப்பத்தெட்டு வருசம் ஆச்சுங்க. ஒரு சனிக்கெழம. சனிக்கெழம அடிவாரத்துல சந்தை. மூணேகாலுக்குக் கம்பெனி லாரி கெளம்பிரும், விட்டா ஒம்பது மைல் நடக்கணும். எனக்குக் கல்யாணமாகி ரெண்டு மாசம். அவளும் லாரிகிட்ட வந்து நிக்கறேன்னு சொல்லியிருந்தா. சுரங்கத்து வாய்கிட்ட, வெளிச்சம் தெரியற எடத்துல, அண்ணன் நின்னாரு. 'செங்கோடா, இதையும் மாட்டிரு, நான் இந்தா வந்தர்றேன்'னு வில்லையக் கையில குடுத்துட்டுத் திரும்பி உள்ள போனாரு.

எதுக்குப் போனாரா? ஏதோ எடுக்க. அத விடுங்க.

நான் ரெண்டையும் மாட்டுனேன். நாப்பத்திமூணு, நாப்பத்திநாலு. பக்கத்துப் பக்கத்து ஆணி. ஓடிப் போய் லாரியில ஏறிட்டேன். அண்ணன் வர்றாரான்னு எட்டிப் பாத்தேங்க. பாக்காம இல்ல. டிரைவர் எடுத்துட்டான். அவனுக்கு என்ன அவசரமோ, அன்னிக்குன்னு பாத்து ரெண்டு நிமிசம் முன்னாடியே எடுத்துட்டான். அதையும் சொல்லணும்ல.

லாரி இந்தப் பாலத்துக்கு வந்தப்பத்தான் வேட்டுச் சத்தம் கேட்டுச்சு. இந்தா, இதே எடம். லாரியில இருக்கற எல்லாரும் எண்ணுவோம். எத்தனை குழிக்கு மருந்து வச்சாங்களோ அத்தனை சத்தம் கேக்கணும். ஒண்ணு கொறைஞ்சா வெடிக்காத மருந்து உள்ள கெடக்குதுன்னு அர்த்தம், மறுநாள் போறவனுக்கு ஆபத்து. அன்னிக்கிப் பதினொண்ணு. பதினொண்ணும் கேட்டுச்சு. சரியா இருக்குதுடான்னு நான்தான் சத்தமாச் சொன்னேன். அண்ணன் லாரிய விட்டுட்டாரு போலருக்கு, நடந்து வரட்டும், திங்கக்கெழம திட்டுவாருன்னு நெனச்சேன்.

ஞாயித்துக்கெழம மாமனார் வீட்ல கறிச்சோறு. திங்கக்கெழம மேல வந்தப்பத்தான் விசயம். சனிக்கெழம சாயங்காலமே பாவாயி அண்ணி பிள்ளையத் தூக்கிட்டு டோக்கன் ஆபீஸுக்கு வந்திருக்காங்க. டைம்கீப்பர் பலகையக் காட்டி, வில்லை இந்தா தொங்குதும்மா, ஆள் வெளிய வந்தாச்சு, சந்தைக்குப் போயிருப்பாருன்னு சொல்லி அனுப்பிட்டாரு. ஞாயித்துக்கெழமையும் வந்திருக்காங்க. மறுபடியும் பலகையக் காட்டியிருக்காரு. அவரு என்ன, ஒரு டார்ச்ச எடுத்துட்டு உள்ள போயிப் பாத்திருக்கலாம்ல? அதத்தான் நான் கேக்கறேன். சம்பளம் வாங்கலியா அவரு?

திங்கக்கெழம கல்ல அள்ளப் போனவங்க பாத்தாங்க. இடுப்புக்குக் கீழ கல்லு. அதுக்கு மேல ஒரு காயமும் இல்ல, முகமெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ஞாயித்துக்கெழம காலையிலதான் உசுரு போயிருக்கும்னு கம்பெனி டாக்டர் எழுதுனாரு. அது டாக்டர் சொன்னது. டாக்டருக்கு என்ன தெரியும். ஒடனே போயிருக்கும். நான் அப்பிடித்தான் நெனச்சுக்கறது.

பக்கத்துல ஒரு சோத்துத் தூக்குப்போசி கெடந்துச்சாம். மூடி போட்டபடி. அதுதான் வெனையாப் போச்சு.

விசாரணை வச்சாங்க. டைம்கீப்பர் சத்தியம் பண்ணுனாரு, மூணு பத்துக்கு நாப்பத்திமூணு பலகையில இருந்துச்சுன்னு. அது நெசந்தானே? அப்பறம் எப்பிடி ஆள் உள்ள? வெளிய வந்து வில்லைய மாட்டிட்டு, எல்லாரும் போனப்பறம் பழைய வழியாத் திரும்ப நுழைஞ்சிருக்கான். எதுக்கு? நல்ல தகடாப் பாத்துத் திருட. போசி எதுக்கு? அதுக்குள்ள மறைச்சுக் கொண்டுவர. எழுதி முடிச்சுட்டாங்க. போசிக்குள்ள ஒரு சில்லு மைக்கா கெடையாது, ஆனா திருட்டுன்னு எழுதிட்டாங்க. திருடப் போனவனுக்கு நட்டஈடு ஏது? பதினஞ்சு நாள்ல வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க.

என்னையும் கூப்புட்டாங்க. 'நீ பாத்தியா?'ன்னு ஒரே கேள்வி. 'நான் சந்தை லாரியில போயிட்டேங்க சார், பாக்கலீங்க'ன்னேன். அதுலயும் பொய் இல்ல பாருங்க. லாரியிலதானே போனேன். வில்லைய யாரு மாட்டுனாங்கன்னு அவங்க கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேன்னுதான் நெனைக்கறேன். நான் ஒருத்தன் சொல்லிக் கம்பெனி கேக்கப் போகுதா? என்ற வேலையும் போயிருக்கும். புதுசாக் கட்டுனவ வீட்ல இருக்கா. நீங்களே சொல்லுங்க.

சொல்ல வேண்டாம். விடுங்க.

அண்ணி பிள்ளையக் கூட்டிட்டு லாரியில எறங்கிப் போனப்ப நான் உள்ள வேலையில இருந்தேன். அதுக்கப்பறம் ஆறு வருசம் சுரங்கம் ஓடுச்சு. நான் மத்தியானச் சோத்த எலையிலதான் கட்டிட்டுப் போவேன். ஏன்னு யாரும் கேக்கல. மூடுன அன்னிக்கு எல்லாரும் கதவு, கம்பி, தகரம்னு தூக்கிட்டுப் போனாங்க. நான் பலகையில இருந்த வில்லைங்களச் சாக்குல போட்டு எடுத்துட்டு வந்தேன். அப்பறம் டிரைவிங் கத்துக்கிட்டு, பால் வண்டி, பள்ளிக்கூட வண்டி, கடைசியா இந்த ஜீப்பு.

பத்து வருசமா உங்கள மாதிரி ஆளுங்க வர ஆரம்பிச்சாங்க. கல்லு மேல ஜீப்பு குதிக்கணும், பாழடைஞ்ச ஊரப் பாக்கணும். சரி, பாருங்க. ஆனா வெறும் செவுத்தக் காட்டுனா எத்தனை நேரம் பாப்பாங்க? ஏதாவது கதை இருக்குதா அண்ணான்னு கேப்பாங்க. கேட்டாங்க, சொன்னேன். அந்த வில்லைங்களத் திருப்பிக் கொண்டாந்து பழைய பலகையில மாட்டுனேன். நாப்பத்திமூணுக்கு மட்டும் சுத்தியும் சேப்புப் பெயிண்ட்டுல வட்டம் போட்டேன். ஒரு பேராசைக்காரன் இருந்தான், வில்லைய மாட்டி எல்லாரையும் ஏமாத்திட்டு ராத்திரி மைக்கா திருடப் போனான், மலை அவனை உள்ளயே வச்சுக்கிச்சு, இப்பவும் அமாவாசையில கையில போசியோட என் பங்கு எங்கேன்னு கேட்டு வருவான். இப்பிடி. குரலெல்லாம் மாத்திச் சொல்லுவேன். பிள்ளைங்க கத்தும். வீடியோ எடுத்துப் போட்டாங்க, லச்சக்கணக்குல பாத்தாங்களாம். என்னையவே கேட்டு வர ஆரம்பிச்சாங்க. பேரு நான் ஒருநாளும் சொன்னதில்லீங்க. நம்பர்தான் சொல்லுவேன்.

போன மாசி மாசம், ரெண்டு பொம்பளைங்க வந்தாங்க. முழு வண்டி வேணும், வேற யாரும் வேண்டாம்னாங்க. ஒருத்தருக்கு நாப்பது இருக்கும், டீச்சர் மாதிரி. இன்னொருத்தருக்கு அறுவத்தஞ்சு. குளிருக்குச் சால்வையத் தலையச் சுத்திப் போத்தியிருந்தாங்க. அம்மாவும் பொண்ணும்னு தெரிஞ்சுது. வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசல. சரி, பயப்படறாங்க போலன்னு நான் ரெண்டாவது பாலத்துலயே கதைய ஆரம்பிச்சுட்டேன். அன்னிக்கி என்னமோ நல்லா வந்துச்சுங்க. திருடன் பதுங்கிப் பதுங்கிப் போறதெல்லாம் செஞ்சு காட்டுனேன். கண்ணாடியில பாத்தேன், அந்தம்மா கண்ணு எடுக்காம என்ற பொடனியவே பாத்துட்டு இருக்காங்க. நல்லா ரசிக்கறாங்கன்னு நெனச்சேன். நெசமாத் தம்பி, அப்பிடித்தான் நெனச்சேன்.

டோக்கன் ஆபீஸ் தாழ்வாரத்துல ஏறி, பலகைக்கு முன்னாடி நின்னு, வழக்கமா கேக்கற மாதிரி, 'எந்த ஆணி தெரியுதுங்களாம்மா?'ன்னு கேட்டேன். அந்தம்மா சால்வைய எறக்குனாங்க. வெயில் கையில பட்டுச்சு. முப்பத்தெட்டு வருசத்துக்கு அப்பறமும் மினுக்கம் இருக்குமா? இருக்காதுன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. எனக்குத் தெரிஞ்சுது.

'தெரியுது செங்கோடா'ன்னாங்க.

 அண்ணி நல்லா இருக்கீங்களான்னு கேட்டேன். வேற என்ன கேக்கறது?  அவங்க பொண்ணைப் பக்கத்துல கூப்புட்டு நிறுத்துனாங்க. திட்டுவாங்கன்னு பாத்தேன். திட்டலீங்க. சாதாரணமாத்தான் கேட்டாங்க. 'இத மாட்டுனது யாரு?'ன்னாங்க.

'அண்ணந்தான்'ன்னேன்.

அண்ணி பலகையில இருந்து என்ற பக்கம் திரும்புனாங்க. அப்பறம் சொன்னாங்க: 'அவரு வில்லைய அவரு ஒருநாளும் மாட்டுனதில்ல செங்கோடா. தெனமும் வீட்டுக்கு வந்து சொல்லுவாரு. செங்கோடன் மாட்டிட்டான், நான் நேராக் குளிச்சுட்டு வந்துட்டேன்னு. இது எனக்கு அன்னிக்கே தெரியும். நான் சொன்னா யாரு நம்பறது, பொண்டாட்டி அப்பிடித்தான் சொல்லுவான்னாங்க. இவ பள்ளிக்கூடத்துல திருடன் மகள்னு பேரு வாங்குனா. பொண்ணு பாக்க வந்தவன் விசாரிச்சுட்டுத் திரும்பிப் போனான். இப்ப உன்ற வீடியோவ யாரோ இவளுக்கே அனுப்பியிருக்காங்க. நான் ஒண்ணும் உன்னையக் கேக்கல. கம்பெனியும் இல்ல, கேசும் இல்ல. இவ காது கேக்க ஒரு வார்த்தை நீ சொல்லு. அவ்வளவுதான்.'

அந்தப் பொண்ணு என்னையவே பாத்துட்டு நின்னுச்சு. நாலு வயசுல என்ற தோள் மேல உக்காந்துதான் சந்தைக்கு வரும். அழுவுமோன்னு பாத்தேன், அழுவல. காத்துட்டு இருந்துச்சு.

நான் வானத்தப் பாத்தேங்க. 'பனி எறங்குதுங்க அண்ணி, கெளம்பலாம், கீழ வழி தெரியாது'ன்னேன்.

பகல் பதினொரு மணி.

 அண்ணி கைய நீட்டி நாப்பத்திமூணக் கழட்டுனாங்க. முந்தானையில முடிஞ்சுக்கிட்டாங்க.   கீழ எறங்குனப்பறம் அந்தப் பொண்ணு ஒரு சீட்டுல நம்பர எழுதிக் குடுத்துச்சு. 'எப்பத் தோணுதோ அப்பப் பேசுங்க'ன்னுச்சு. 'மாமா'ன்னு கூடச் சேத்துச்சு. அந்தச் சீட்டு இந்தா, தலைக்கு மேல, வெயில் மறைக்கற அட்டையில சொருகியிருக்குது.

அன்னையில இருந்துதான் கிளட்ச்சுல ஒரு மாதிரி சத்தம். இதுக்கு மேல ஏத்தறதில்ல. கதை சொல்றதையும் விட்டுட்டேன். அதனால சவாரி கொறைஞ்சு போச்சு. அண்ணி இத்தனை வருசம் சும்மா இருந்துட்டு, இப்ப வந்து இந்த வயசுல என்னைய இப்பிடிப் பண்ணலாமா? நான் நல்லாத்தானே இருந்தேன். எனக்கும் ரெண்டு மாசம் தூக்கம் இல்லீங்க. அத யாரு கேக்கறாங்க?

ஆடி மாசம் போன் வந்துச்சு. இதே பாலத்துல நிக்கறேன். அந்தப் பொண்ணுதான். 'அம்மா தவறிட்டாங்க மாமா, நேத்து எடுத்துட்டோம்'ன்னுச்சு. 'கடைசி வரைக்கும் அந்த வில்லையத் தலகாணிக்கடியிலதான் வச்சிருந்தாங்க'ன்னுச்சு.  நான் பேசுவேன்னு பாத்திருக்கும். ஹலோ, ஹலோ, கேக்கலீங்க, டவர் இல்லீங்கன்னு சொல்லிக் கட் பண்ணிட்டேன்.

நல்லாக் கேட்டுச்சு. நீங்க பேசறது கேக்கற மாதிரி கேட்டுச்சு.

வர்றாங்க பாருங்க. மஞ்சச் சட்டைப் பிள்ளைதான் முன்னாடி வருது. வாங்க அம்மிணி. எல்லாம் பாத்தாச்சா? தண்ணி பின்னாடி கேன்ல இருக்குது. வில்லையக் குடுங்க. ம், பன்னெண்டு. அறுவது. எழுவத்தி ரெண்டு. எட்டு. உங்களுது அம்மிணி?

என்ன இது, ரெண்டு இருக்குது?

யாரு பரத்து? அந்தக் கண்ணாடி போட்டவரா? பின்னாடி வர்றாரா. போட்டோ எடுக்கறாரா. அவரு வில்லைய நீங்க ஏன் கொண்டு வந்தீங்க? அவரே குடுத்து விட்டாரா, லேட்டாகும், நீயே குடுத்துருன்னு.

இல்ல. இத நான் வாங்க மாட்டேன். கைய மூடுங்க. வாங்க மாட்டேன்னா வாங்க மாட்டேன். சின்ன விசயந்தானுங்க அம்மிணி, எனக்கும் தெரியும் சின்ன விசயந்தான்னு. நீங்க எப்ப அவர விட்டுட்டு வந்தீங்க? எங்க? கேண்டீனுக்குப் பின்னாலயா? அங்க சுரங்கத்துக்குக் காத்துப் போக வெட்டுன பழைய குழி இருக்குது, மேல போட்ட பலகை மக்கிப் போய்க் கெடக்குது, நான் காலையில சொன்னேனா இல்லியா? போன் போகாது, மேல டவர் கெடையாது. ஹாரன் கேக்காது, காத்து எதிர்க்க அடிக்குது.

தம்பி, நகருங்க. அந்த நாப்பத்திநாலக் கழட்டிக் குடுங்க. ஆமா, என்றதுதான். நான் மேல போறேன். அம்மிணி, அவரு வில்லையும் என்கிட்டக் குடுங்க. ஆணியில மாட்டறதுக்கு இல்ல. அவரு கையில குடுக்க. அவரு எறங்கி வந்து அவரே மாட்டட்டும்.

*

ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல. உக்காருங்க எல்லாரும். நல்லாத்தான் இருக்காரு. டோக்கன் ஆபீஸ் படியில உக்காந்து பலகைய வீடியோ எடுத்துட்டு இருந்தாரு. நான் வந்த வேகத்தப் பாத்து அவருதான் பயந்துட்டாரு. கையப் புடிச்சு இழுத்துட்டு வந்துட்டேன், தப்பா நெனைச்சுக்காதீங்க சார். உங்க வில்லைய நீங்களே மாட்டுங்க. அந்த ஆணிதான். ம்.

என்றதையும் நானே மாட்டிக்கறேன்.

இருங்க தம்பி, மூச்சு வாங்குது. ஓடி வந்தேன். ஓடித்தான் போனேன், திரும்பியும் ஓடித்தான் வந்தேன். அன்னிக்கும் ஓடித்தான் வந்தேன். திரும்பிப் போகாம விட்டேன். மேல சேப்பு வட்டம் அப்பிடியே இருக்குது. நடுவுல வெறும் ஆணி. நான்தான் பெயிண்ட் அடிச்சேன். ரெண்டு தடவை மாட்டுனதும் நாந்தான். வேற யாரும் இல்ல.

தம்பி, அந்தச் சீட்ட எடுங்க. தலைக்கு மேல இருக்கே, அது. நம்பர என்ற போன்ல போட்டுக் குடுங்க. என் கண்ணுக்கு எழுத்து தெரியல. நீங்க எல்லாரும் இருங்க, போக வேண்டாம், கேட்டாலும் பரவால்ல. ரிங்கு போகுதா?

ஹலோ. கோமதிங்களா? நான் ஜீப்புக்காரன், செங்கோடன் பேசறேன். ஆமாங்க, மாமாதான்.

நல்லாக் கேக்குதும்மா. டவர் இருக்குது. ஆடியில நீ பேசுனப்பவும் இருந்துச்சு.

இல்லம்மா, நீ பேசாத. நான் சொல்லிடறேன். அன்னிக்குப் பனி எறங்கல. வில்லைய மாட்டுனது நான்.

ஆமா. உங்கப்பா வெளிய வரவே இல்ல.

இல்லம்மா. மைக்கா எடுக்க இல்ல. அந்தப் போசி என்றது. நான் அவசரத்துல உள்ளயே வச்சுட்டு வந்துட்டேன். புதுப் போசிடா, உன்ற பொண்டாட்டி திட்டுவா, நீ போய் லாரியப் புடி, நான் எடுத்துட்டு வர்றேன்னு போனாரு.

அதுக்குள்ளயா? ஒண்ணும் இல்லம்மா. நான் சாப்புட்டுட்டேன். காலிப் போசிதான்.